படுவான்கரையிலிருந்து வரும் நீர்

குருமண்வெளித் துறையிலிருந்து மண்டூர்க் கரைக்குப் போகும் பாதையில் (மட்டக்களப்பாருக்குப் பாதை என்றால் வாவியைக் கடக்கும் மிதவைதான்) சிறுவயது முதல் எத்தனையோ முறை ஏறியிருக்கிறேன். ஆயினும் ஓர் ஆவணித் திருவிழாவுக்குப் போகையிலும், அதையடுத்து வந்த தைமாதத்தில் உறவினர் வீட்டு விசேஷம் ஒன்றுக்குப் போகையிலும், நடுவாவியில் கையைத் தாழ்த்தி ஒரு சிறங்கை நீரை அள்ளி நாக்கில் வைத்துப் பார்த்த பிறகுதான், நான் கடந்துகொண்டிருப்பது ஒரே நீர்நிலையா என்ற ஐயம் எனக்கு முதன்முதலாக எழுந்தது. ஆவணியில் இலேசான உவர்ப்பும் பாசிப்பச்சையும் கொண்டிருந்த நீர், தையில் உப்பு அறவே நீங்கி, வண்டல் கலங்கிய தேநீர் நிறத்தில், உழுத வயலின் வாசனையோடு ஓடிற்று. பாதையின் கம்பியைப் பிடித்தபடி என்னைக் கவனித்துக்கொண்டு நின்ற முதியவர் ஒருவர், "உப்பெண்டா நாக்குச் சொல்லும், மனே. வயல் தண்ணி எவ்வளவு வந்திருக்கு எண்டு நாக்குச் சொல்லாது" என்றார். அவர் போகிற போக்கில் சொன்ன அந்த வார்த்தை, நாக்கு சொல்லாத சங்கதிகளை நீர் எங்கெங்கே, எவ்விதமாகத் தனக்குள் வாங்கிக்கொள்கிறது என்ற விசாரணையில் என்னை இறக்கிவிட்டது.

ஏறாவூர்ப் பக்கத்திலிருந்து கல்முனைப் பக்கம் வரை ஏறக்குறைய 56 கிலோமீற்றர் நீளத்துக்குக் கடலோரமாகவே கிடக்கும் இந்த வாவி, தன் கிழக்கே சூரியன் எழும் எழுவான்கரையையும், மேற்கே சூரியன் படும் படுவான்கரையையும் பிரித்து நிற்கிறது. எழுவான்கரை ஒடுங்கிய மணல்மேடு. ஊர்கள் நெருங்கி, வீட்டுக்கு வீடு கிணறு. படுவான்கரையோ வயலும், குளமும், மேய்ச்சல்தரையும், அவற்றுக்கு அப்பால் காடுமாக விரிந்து மேற்கே உயர்ந்து செல்லும் பிரதேசம். உன்னிச்சைக் குளத்தை நிரப்பிவரும் மகிழவட்டவான் ஆறு, நவகிரிக் குளத்தின் வழியே இறங்கும் நீர், பட்டிப்பளை ஆற்றின் இடதுகரை வயல்களிலிருந்து வடியும் வாய்க்கால்கள், மழைக்காலத்தில் மட்டும் உயிர்பெறும் எண்ணற்ற ஓடைகள் ஆகிய யாவும் அந்தப் படுவான்கரையை ஊடறுத்தே வாவிக்கு வருகின்றன. ஆகையால் அவ்வழியே வாவிக்கு வரும் நன்னீரின் ஒவ்வொரு துளியும் ஏதோ ஒரு காட்டையோ வயலையோ தொட்டுவிட்டு வந்த துளியேயாகும்.

அந்தப் பிரயாணத்தை வானத்திலிருந்தே தொடங்கிப் பார்ப்போம். மழைநீரைச் சுத்தத்துக்கு உபமானமாகச் சொல்வது நம் வழக்கம். ஆனால் மழைத்துளி நிலத்தைத் தொடுமுன்னரே காற்றிலுள்ள கரியமில வாயுவை, பள்ளிக்கூடப் புத்தகங்கள் காபனீரொட்சைட்டு என்று கூறும் அதனை, கரைத்துக்கொண்டு மெல்லிய அமிலமாகிவிடுகிறது. அமிலத்தையும் காரத்தையும் அளக்கும் பீ.எச். என்னும் அளவுகோலில் நடுநிலை 7 என்றால், வேறெந்த மாசும் சேராத மழைநீருக்கும் 5.6 அளவே உண்டு. நமது மழையோ வங்காள விரிகுடாவின் மேலாக வரும் வடகீழ்ப் பருவக்காற்றின் மழை. அலைகள் உடைந்து தெறிக்கும் நுண்திவலைகள் காற்றில் காய்ந்து உப்புத் துகளாகி அந்த மேகங்களில் கலந்துவிடுவதால், நம் கூரையில் விழும் மழையிலும் கடலின் சோடியமும் குளோரைட்டும் இம்மியளவு இருக்கத்தான் செய்கின்றன.

மெல்லிய அமிலமாக இறங்கிய அந்த நீர் காட்டுநிலத்தில் புகும்போது அதன் அமிலத்தன்மை பன்மடங்காகிறது. மரவேர்களும் மண்ணிலுள்ள கோடானுகோடி நுண்ணுயிர்களும் ஓயாமல் சுவாசித்துக்கொண்டிருப்பதால், மண்துவாரங்களுக்குள் அடைபட்டிருக்கும் காற்றில் கரியமில வாயு வெளிக்காற்றிலுள்ளதைப் போலப் பத்து மடங்கும், சில இடங்களில் நூறு மடங்கும் செறிந்திருக்கிறது. அந்தச் செறிந்த வாயுவைக் கரைத்துக்கொண்ட நீர்தான் அடியிலுள்ள பாறையைத் தின்கிறது. நம் பிரதேசத்தின் அடிப்பாறை, நிலவியலாளர் விஜயன் தொகுதி என்று வழங்கும், ஏறத்தாழ நூறு கோடி ஆண்டு முதுமை வாய்ந்த உருமாறிய பாறை. உளியும் சம்மட்டியும் கொண்டு உடைக்கவே மனிதர் திணறும் அந்தக் கல்லிலுள்ள பெல்ட்ஸ்பார் என்னும் கனிமத்தை, கையில் விட்டால் சுடாத அந்த இலேசான அமிலம், அவசரமின்றி, யுகக்கணக்கில் அரித்து, களிமண்ணாக்கிக் கீழே விட்டுவிட்டு, சோடியத்தையும் கல்சியத்தையும் மகனீசியத்தையும் சிலிக்காவையும் தன்னோடு அழைத்துச் செல்கிறது. இந்த இரசாயன மாற்றத்தில் அமிலம் செலவழிந்து இருகாபனேற்றாக மாறிவிடுவதால், காட்டுக்குள் அமிலமாகப் புகுந்த நீர், ஓடையாக வெளிவரும்போது பெரும்பாலும் நடுநிலையை எய்திவிடுகிறது. படுவான்கரைக் கிணற்றுநீரில் சவர்க்காரம் நுரைக்க மறுப்பதும், கேத்தலின் அடியில் வெண்மையான படிவு கட்டுவதும் இந்தக் கல்லின் கரைசலாலேயே.

உலகத்து நதிகளின் நீரையெல்லாம் ஒப்பிட்டு, 1970ஆம் ஆண்டில் ரொனால்ட் கிப்ஸ் என்னும் அமெரிக்க விஞ்ஞானி எழுதிய கட்டுரையொன்று, ஆற்றுநீரின் குணத்தை நிர்ணயிக்கும் இயற்கைச் சக்திகளை மழை, பாறை, ஆவியாதல் என மூன்றாக வகுத்தது. நம்மூர் ஓடையொன்றிலே நின்றால் இம்மூன்றையும் ஒரே ஆண்டுக்குள் கண்டுவிடலாம் என்பது என் எண்ணம். மார்கழி வெள்ளத்தில் நீர் மண்ணுக்குள் இறங்க அவகாசமின்றி மேலாகவே ஓடுவதால் மழையின் குணம் மேலோங்குகிறது. மாசி, பங்குனியில் நிலத்தடியில் தங்கிப் பாறையோடு உறவாடிய நீர் கசிந்து வருவதால் கல்லின் குணம் தலைதூக்குகிறது. ஆனி, ஆடியின் கச்சான் காற்றில் நீர் ஆவியாகிப் போகப்போக, எஞ்சியதில் உப்புகள் யாவும் செறிந்து மூன்றாவது சக்தி ஆட்சிக்கு வருகிறது.

இவ்வளவும் மனிதன் கை வைக்காத நாளிலும் நடந்தவை. காடு நிற்கும் நிலத்து ஓடையில் நைதரசனும் பொசுபரசும் மிகச் சொற்பமாகவே இருக்கும். அவை இரண்டும் உயிர்களின் உணவாதலால், மண்ணில் விடுபடும் அணுவையும் வேர்கள் விட்டுவைப்பதில்லை. கோடையில் காய்ந்த மண்ணின்மீது முதல்மழை விழும்போது நுண்ணுயிர்கள் திடீரென விழித்தெழுந்து, மக்கிய பொருளைச் சிதைத்து, நைதரசனை ஒரேயடியாக விடுவிக்கின்றன என்பதைக் கென்யாவில் ஆராய்ச்சி செய்த பேர்ச் என்பவர் 1958இல் விளக்கினார். ஐப்பசி முதல்மழைக்குப் பின் புல் கரும்பச்சையாக எழும்புவதை நாம் கண்டிருக்கிறோம். காட்டில் அந்த விடுதலையான நைதரசனை வாங்கிக்கொள்ள வேர்கள் காத்திருக்கின்றன. வெறுநிலத்தில் யாருமில்லை, ஆகவே அது ஓடைக்குப் போகிறது. ஐக்கிய அமெரிக்காவில் நியூ ஹாம்ஷயர் மாநிலத்து ஹபர்ட் புரூக் வனத்தில், லைக்கன்ஸ், போர்மன் என்போரும் அவர்தம் சகாக்களும், 1965ஆம் ஆண்டின் இறுதியில் ஒரு சிற்றோடையின் வடிநிலம் முழுவதிலும் மரங்களை வெட்டிச் சாய்த்து, வெட்டியவற்றை அங்கேயே கிடக்கவிட்டு, மறுபடி எதுவும் துளிராதபடி களைநாசினி தெளித்துவிட்டு, ஓடைநீரை அளந்துகொண்டே இருந்தார்கள். எவரும் ஒரு பிடி பசளை இடாத அந்நிலத்து ஓடையில் நைத்திரேற்று பல பத்து மடங்கு உயர்ந்து, குடிநீருக்குரிய எல்லையையும் தாண்டிற்று. ஓடைநீரின் தூய்மையைக் காத்துநின்றது உயிருள்ள வேரே என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டிய பரீட்சை வேறொன்றை நான் அறியேன்.

நம் பிரதேசத்தில் அத்தகைய மாற்றம் பரீட்சையாக அன்றி, வாழ்வாகவே நடந்தது. 1949இல் கல்லோயா அபிவிருத்திச் சபை அமைக்கப்பட்டு, பட்டிப்பளை ஆறு என்று தமிழரும் கல்லோயா என்று சிங்களவரும் வழங்கும் ஆற்றை இங்கினியாகலையில் மறித்துச் சேனாநாயக்க சமுத்திரம் எழுந்தது. அதன் கீழே காடு வெட்டப்பட்டு வயலாயிற்று. ஆறு ஓடிய ஓட்டத்தில் வாவிக்கும் கடலுக்கும் போன வண்டல் அணைக்குள்ளே படியத் தொடங்கிற்று. மாரியில் மட்டும் பெருகிய நீர், வாய்க்கால்களில் பங்கிடப்பட்டு, சிறுபோகத்திலும் வயல்களைக் கடந்து வடியலாயிற்று. குளம் என்பது நீரைத் தேக்கிவைக்கும் பாத்திரம் மாத்திரமன்று. அதுவும் ஓர் இரசாயனசாலை. அசையாமல் கிடக்கும் நீரில் மண் படிகிறது, பாசிகள் ஊட்டப்பொருளை உண்கின்றன. வறட்சியில் குளம் வற்றி அடிநீரில் பிராணவாயு குன்றும்போது, சேற்றில் அடங்கிக்கிடந்த இரும்பும் மங்கனீசும் அமோனியாவும் மீண்டும் கரைந்து மேலெழுகின்றன. மட்டக்களப்பு நகரத்தார் இன்று குழாயில் குடிக்கும் நீர் உன்னிச்சைக் குளத்திலிருந்து எடுக்கப்பட்டு வவுணதீவில் சுத்திகரிக்கப்படுவது. ஆகையால் குளத்தின் அடிச்சேற்றில் நடப்பது நம் தாகத்தோடு சம்பந்தப்பட்ட காரியமாகிவிட்டது.

இனி வயலுக்கு வருவோம். நெற்பயிரையே 'வேளாண்மை' என்று பெயரிட்டு அழைக்கும் நாட்டில் வயலைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது எனக்கு உவப்பானதன்று, அது நியாயமுமன்று. நீர் கட்டிய வயலின் மண், மேலே ஒரு விரற்கடை நீங்கலாக, பிராணவாயு அற்றது. அங்கு வாழும் நுண்ணுயிர்கள் சுவாசத்துக்கு வேறு வழியின்றி நைத்திரேற்றைப் பிடுங்கிப் பயன்படுத்தி, அதனை வெறும் நைதரசன் வாயுவாக்கிக் காற்றுக்கே திருப்பி அனுப்பிவிடுகின்றன. இவ்வகையில் வயல் ஒரு வடிகட்டியாகவும் வேலை செய்கிறது. ஆனால் யூரியாவின் நிறையில் நூற்றுக்கு 46 பங்கு நைதரசன். அதை எறிந்த மறுநாளே வானம் இருண்டு மழை கொட்டினால், அல்லது மேல்வயல்காரர் நீரைத் திறந்துவிட்டால், நுண்ணுயிருக்கும் வேருக்கும் சேரவேண்டியது வரம்பு தாண்டி வடிச்சலில் விழுந்து, அங்கிருந்து ஓடைக்கும், ஓடையிலிருந்து வாவிக்கும் போய்ச்சேருகிறது. 2021ஆம் ஆண்டு மே மாதத்தில் இரசாயனப் பசளை இறக்குமதி திடீரெனத் தடுக்கப்பட்டு, அதே ஆண்டு நவம்பரில் அத்தடை தளர்த்தப்பட்ட அந்த அரையாண்டின் துன்பத்தை நம் விவசாயிகள் மறக்கமாட்டார்கள். ஒரு கையெழுத்தால் பசளையை நிறுத்துவது நீரைக் காக்கும் மார்க்கமன்று என்று அப்போதே நான் எண்ணினேன். எவ்வளவு, எப்போது, வயலில் நீர் எந்த அளவில் நிற்கையில் எறிவது என்பதில்தான் காரியம் இருக்கிறது.

வயலோரத்து வடிச்சல் வாய்க்காலில் ஒரு காட்சியைப் பலர் கண்டிருப்பீர்கள். நீர் தேங்கிய மூலையில் செந்துருப் போன்ற மெத்தென்ற படிவும், அதன்மேல் வானவில் நிறங்காட்டும் ஆடையும் மிதக்கும். உழவு இயந்திரத்தின் எண்ணெய் சிந்திவிட்டது என்றே முதலில் தோன்றும். ஒரு குச்சியை எடுத்து அந்த ஆடையைக் கீறிப் பாருங்கள். எண்ணெயானால் வளைந்து நெளிந்து மீண்டும் கூடிக்கொள்ளும். இதுவோ கண்ணாடித் தகடு உடைவதுபோல் கோணல்மாணலான துண்டுகளாக உடைந்து, உடைந்தபடியே நிற்கும். பிராணவாயு அற்ற வயல்மண்ணில் கரைந்த இரும்பு, வாய்க்காலின் வெளிக்காற்றைக் கண்டதும் நுண்ணுயிர்களின் துணையோடு துருவாகப் படிவதே அது. இதில் நஞ்சு ஏதுமில்லை. ஆனால் இரும்போடு கட்டுண்டு மண்ணில் கிடந்த பொசுபேற்றும் அந்த இரும்பு கரையும்போது கட்டவிழ்கிறது என்பதை நினைவில் வைத்துக்கொள்ளவேண்டும்.

ஏனெனில் இதே கதைதான் வாவியின் அடியில் இன்னும் பெரிய அளவில் நடக்கிறது. வெள்ளத்தோடு வரும் களித்துகள்கள் நன்னீரில் ஒன்றையொன்று தள்ளி விலகி மிதப்பவை. உவர்நீரைக் கண்டதும் உப்பின் மின்னேற்றத்தால் அந்த விலகல் அற்று, ஒன்றோடொன்று ஒட்டித் திரண்டு அடியில் விழுகின்றன. அவற்றோடு அவை சுமந்துவந்த பொசுபேற்றும் விழுகிறது. கடலிலிருந்து வந்த சல்பேற்றை அடிச்சேற்றின் நுண்ணுயிர்கள் அழுகிய முட்டை நாறும் வாயுவாக மாற்ற, அது இரும்பைப் பற்றிக்கொண்டு சேற்றைக் கருமையாக்க, இரும்பை இழந்த பொசுபேற்று மறுபடியும் நீரில் கரைகிறது. இவ்வாறு மேலிருந்து ஒருமுறை வந்தது, வாவிக்குள் பலமுறை பயன்படும் முதலாகிவிடுகிறது.

அந்த முதலைக்கொண்டு பெருகுவது பாசியும் ஆற்றுவாழையும். ஊதா நிறப் பூவின் அழகால் நம்மை ஏய்க்கும் ஆற்றுவாழையை ஒழிப்பதற்கென்று இலங்கையில் 1909ஆம் ஆண்டிலேயே தனிச்சட்டம் இயற்றப்பட்டது. சட்டம் வந்தது, ஆற்றுவாழையோ போகவில்லை. வாவியின் தென்பாகத்தில், நன்னீர் மிகுந்து உப்புக் குறைந்த இடங்களில் அது கம்பளம்போல் மூடுகிறது. உவர்நீர் ஏறினால் வாடி, அழுகி, அழுகும்போது பிராணவாயுவைத் தின்கிறது. 30 பாகை வெப்பமுள்ள நன்னீர் ஒரு லீற்றரில் அதிகம் கரைந்து நிற்கக்கூடிய பிராணவாயு சுமார் 7.5 மில்லிகிராம்; உவர்நீரில் அதனிலும் குறைவு. பகலில் பாசி பிராணவாயுவை உண்டாக்குகிறது. இரவில் அதே பாசி சுவாசித்து அதைச் செலவழிக்கிறது. ஆகையால் பாசி மண்டிய நீரில் விடியற்காலையே ஆபத்தான வேளை. அந்நேரத்தில் மணலையும் சிறுமீன்களும் மேற்பரப்பில் வாயைப் பிளந்து அலைவதைத் தோணிக்காரர்கள் கண்டால், அன்றைக்கு வலையில் படுவது அதிர்ஷ்டத்தால் அன்று என்று அவர்களுக்குத் தெரியும்.

முகத்துவாரத்தைப் பற்றியும் சொல்லியாகவேண்டும். பாலமீன்மடுவிலும் பெரியகல்லாற்றிலும் வாவி கடலோடு கலக்கிறது. கோடையில் அலை மணலைக் குவித்து வாயை அடைப்பதும், மாரியில் வெள்ளம் திரண்டபின் அதை வெட்டிவிடுவதும் தலைமுறை தலைமுறையாக நடப்பவை. வயல் மூழ்குகிறது, சீக்கிரம் வெட்டுங்கள் என்று படுவான்கரையார் கேட்பார்கள். இறால் வளருமுன் வெட்டாதீர்கள் என்று மீனவர் மன்றாடுவார்கள். வெட்டியபின் உவர்நீர் ஏறி வயலோரத்தைக் கெடுக்கிறது என்ற குறையும் எழும். 2011 தை மாதப் பெருவெள்ளத்தைக் கண்டவர்கள் எவரும் இவ்விவாதத்தை அற்பமென்று கருதமாட்டார்கள். ஆனாலும் என் மனத்தில் உள்ளதைச் சொல்லிவிடுகிறேன்: வாவியின் வாயைப் பற்றி ஆண்டுதோறும் கூட்டம் கூடிப் பேசுகிற நாம், அதன் வயிற்றுக்குள் போவதைப் பற்றிப் பேசக் கூடியதாக எனக்கு ஞாபகமில்லை. வாயைத் திறப்பதால் உப்பின் அளவு மாறும். உன்னிச்சையின் கீழும் நவகிரியின் கீழும் வயல்களிலிருந்து கரைந்து வந்தது மாறிவிடாது.

எழுவான்கரையாரும் தங்கள் பங்குக்குப் பொறுப்பாளிகளே. மணலுக்கடியில் உவர்நீரின்மேல் மிதக்கும் நன்னீர்ப் படலத்தை நம்பித்தான் அங்கே கிணறுகள் இருக்கின்றன. காத்தான்குடி போன்று வீடுகள் நெருங்கிய ஊர்களில், ஒரே வளவுக்குள் கிணறும் மலக்குழியும் அமைந்து, மணல் எதையும் தடுத்துநிறுத்தாமல் இரண்டையும் உறவாக்கிவிடுகிறது. நிறமோ சுவையோ வாசனையோ இல்லாத நைத்திரேற்று, குடிநீரில் லீற்றருக்கு 50 மில்லிகிராமைத் தாண்டலாகாது என்று உலக சுகாதார நிறுவனம் வரையறுத்திருக்கிறது. கிணற்றுநீரில் கரைத்த பால்மாவைக் குடித்த கைக்குழந்தைகள் நீலம்பாரித்ததற்கு இதுவே காரணமென்று அமெரிக்க வைத்தியர் கோம்லி 1945இல் கண்டறிந்ததை ஒட்டி எழுந்த எல்லை அது. நாக்குச் சொல்லாது என்று பாதையில் நின்ற முதியவர் சொன்னது இங்கும் பொருந்துகிறது.

2004 மார்கழி 26ஆம் திகதி ஆழிப்பேரலைக்குப் பின் இக்கிணறுகளின் கதியை அனைத்துலக நீர் முகாமை நிறுவனத்தார் கல்லடி, களுதாவளை, ஒலுவில் முதலிய இடங்களில் ஆராய்ந்தனர். உப்பேறிய கிணற்றை இறைத்து இறைத்துச் சுத்தம் செய்ய முனைந்தபோது, நல்ல எண்ணத்தோடு செய்த அந்த வேலையே சில இடங்களில் அடியிலுள்ள உவர்நீரை மேலே இழுத்தது. கிணறுகளை உண்மையில் கழுவித் தேற்றியது அடுத்தடுத்து வந்த மாரிமழை. வானம் மருத்துவம் செய்த அந்த நாட்களில் பொறுத்திருப்பதே உசிதமாக இருந்தது. ஆனால் உப்பைக் கழுவும் மழை, மலக்குழியின் நைத்திரேற்றைக் கிணற்றுக்கே கொண்டுவருகிறது. அதற்குப் பொறுமை மருந்தாகாது.

வாவியின் விளிம்பிலுள்ள கண்டல் மரங்களும், படுவான்கரையில் வில்லுகள் எனப்படும் சதுப்புத் தாழ்நிலங்களும், ஓடைக்கரையில் ஒரு பாகமேனும் வெட்டாமல் விட்ட மருதமரத் தோப்பும் செய்யும் உபகாரத்தை இந்த வெளிச்சத்தில் பார்க்கவேண்டும். அவற்றின் வேர்களும் அவற்றின் சேறும் நைத்திரேற்றைக் காற்றுக்கு அனுப்பி, களியைப் படியவைத்து, சம்பளமின்றி வேலை செய்கின்றன. இந்த வாவியில் பௌர்ணமி இரவுகளில் கேட்கும் இசையைப் பற்றி ஆங்கிலேயர் ஆட்சிக்கால அதிகாரி எமர்சன் டெனன்ட் 1859இல் வெளிவந்த தம் நூலில் எழுதுகையில், அது ஊரிகளின் ஒலியாக இருக்கலாமென ஊகித்தார். அது எதன் ஒலியானாலும் ஆகட்டும். ஊரிக்கு ஓடு கட்டக் கல்சியமும், மூச்சுவிடப் பிராணவாயுவும் வேண்டும் என்பதிலும், அவற்றை இந்த நீரே தரவேண்டும் என்பதிலும் விவாதமில்லை.

சென்ற பெரும்போகத்தில் மண்டூருக்கு மேற்கே ஒரு வட்டையில் நின்றேன். யூரியா எறிந்து முடித்த ஒருவர், வாளியைக் கரையில் வைத்துவிட்டு, வரம்போரம் குந்தி, இரு கைகளாலும் சேற்றை அள்ளி, நீர் வெளியேறும் வக்கடையை அடைத்துக்கொண்டிருந்தார். ஏன் என்று கேட்டேன். "நாலைஞ்சு நாளைக்குத் தண்ணி வெளியால போகப்படாது, தம்பி. போனா நான் எறிஞ்சது அடுத்தவன் வாய்க்காலுக்குத்தான்" என்றவர், ஒரு கை சேற்றை மேலும் அப்பி, உள்ளங்கையால் தட்டி இறுக்கினார். வாய்க்காலின் பக்கம் நீர் சொட்டுவது நின்றுவிட்டதா என்று குனிந்து பார்த்தார்; ஓர் ஓரத்தில் இன்னும் கசிந்தது. மறுபடி சேற்றை அள்ளினார்.